மலைக்கு வராத படங்கள்

கேமராவில் யானை தெரிந்ததும் பாதையில் சிவப்பு விளக்கை எரியவைக்கும் நிரல் ஒன்றை ரெபெக்கா எழுதியிருந்தார். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மலையிலுள்ள தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் ஆட்கள் அந்த விளக்கைப் பார்த்துத்தான் வீடு திரும்பினார்கள்.

அவரிடம் கற்க வந்தவர் சுகுமாறன். கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்தவர், வயதில் மூத்தவர். ரெபெக்கா அவரைச் சார் என்பார். அவர் இவரை மேடம் என்பார்.

விளக்கைப் பொருத்துவதற்கான வழிகாட்டியைச் சுகுமாறன் எழுதினார். எல்லாரும் நிரலை இறக்கிக்கொள்ளும் களஞ்சியத்தில் படங்களையும் சேர்த்தால் அது கனத்துவிடும் என்று அவற்றை இணையத்தில் தன் சொந்தக் கணக்கில் போட்டு, வழிகாட்டியில் இணைப்பு மட்டும் கொடுத்தார். அவருடைய திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

படங்களும் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்றார் ரெபெக்கா.

"வெளியே வச்சா என்ன தப்பு மேடம்?"

மேலே ஒரு தோட்டத்தில் மறுநாள் புது விளக்கு பொருத்துகிறார்கள், கூட வாருங்கள் என்றார் ரெபெக்கா.

கடைசி வளைவு தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. தோட்டத்து எலெக்ட்ரீஷியன் மாடசாமி நிரலையும் வழிகாட்டியையும் முன்பே மடிக்கணினியில் இறக்கி வைத்திருந்தார். எதிர்ச் சரிவில் ஒரு யானைக் கூட்டம் நிற்பதாகவும், கொழுந்து எடுப்பவர்கள் மாலையில் இந்தப் பாதையில்தான் இறங்குவார்கள் என்றும் அவர் சொன்னார்.

"நீங்க பேசக்கூடாது சார். வழிகாட்டி பேசட்டும்" என்றார் ரெபெக்கா.

மாடசாமி படித்துப் படித்துச் செய்தார். கம்பம் நின்றது, கம்பிகள் சேர்ந்தன. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டார். 'கேமராவைக் கீழே உள்ள படத்தில் இருப்பதுபோல் திருப்பவும்' என்றிருந்தது. கீழே ஒரு வெற்றுக் கட்டம்.

அவர் நிமிர்ந்து சுகுமாறனைப் பார்த்தார். சுகுமாறன் வாய் திறக்கப் போனார். ரெபெக்கா வேண்டாம் என்று தலையசைத்தார்.

மாடசாமி யோசித்து, கேமராவைப் பாதையை நோக்கித் திருப்பினார். சோதனைக்காக மனிதர் வந்தாலும் எரியும்படி வைத்துவிட்டு, ரெபெக்கா சரிவில் ஏறிப் புதருக்குள் போனார். யானை வரும் வழியாகவே மெல்ல இறங்கி வந்தார். அவர் பாதைக்கே வந்து நின்ற பிறகுதான் விளக்கு எரிந்தது.

சுகுமாறன் மடிக்கணினியில் அந்த வெற்றுக் கட்டத்தைக் காட்டினார்.

"என் கம்ப்யூட்டர்ல படமெல்லாம் தெரிஞ்சுதே மேடம்."

"தெரியும் சார். ஆனா உங்க கம்ப்யூட்டர் மலைக்கு வராதே. இப்ப சொல்லிக் குடுங்க."

சரிவைப் பார்க்கத் திருப்பி, புதருக்கு மேலே உயர்த்த வேண்டும் என்று சுகுமாறன் காட்டினார். மாடசாமி திருப்பினார். ரெபெக்கா மறுபடி ஏறினார். இம்முறை அவர் புதரை விட்டு வெளிவரும் முன்பே பாதை சிவந்தது. சோதனை முடிந்ததும் யானைக்கு மட்டும் எரியும்படி மாற்றிவைத்தார். மாலையில் கொழுந்துக் கூடைகளோடு வந்தவர்கள் விளக்கைக் கண்டு வளைவிலேயே நின்றார்கள். யானைகள் பாதையைக் கடந்து ஓடைக்கு இறங்கின. விளக்கு அணைந்ததும் பெண்கள் பேச்சை விட்ட இடத்தில் தொடர்ந்தபடி நடந்தார்கள்.

ஊர் திரும்பியதும் சுகுமாறன் உட்கார்ந்தார். படங்களின் அளவைச் சுருக்கி, வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்புறையில் வைத்தார். ஒவ்வொன்றின் கீழும், அதில் என்ன தெரிகிறது என்று ஒரு வாக்கியம் எழுதினார். பிறகு மடிக்கணினியை ரெபெக்காவின் பக்கம் நகர்த்தினார்.

"எல்லாம் தெரியுது மேடம். ஒரு தடவை பாத்துடுங்க."

"எனக்குத்தான் கேமரா எங்க பாக்கணும்னு தெரியுமே சார். தெரியாதவங்க யாரையாவது கூப்பிடுங்க. நெட்டை அணைச்சுட்டு அவங்க கையில குடுங்க."