குச்சியை ஒழித்த கொக்கு

ஓர் ஏரியின் நடுவே கருவேல மரங்கள் கூட்டமாக நின்றன. கூடு கட்டும் பருவம் வந்துவிட்டால் அங்கே கிளைக்குக் கிளை குடித்தனம்தான். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் ஜோடி ஜோடியாக வந்து இறங்கிவிடும். சத்தம் காதைப் பிளக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒற்றைக்காலன் என்று ஒரு கொக்கு இருந்தது. கால் இரண்டும் அதற்கு நன்றாகத்தான் இருந்தன. மற்ற கொக்குகள் மீனுக்காக ஒற்றைக்காலில் நிற்கும். இது அடுத்த வீட்டு விவகாரத்தைப் பார்ப்பதற்காக நிற்கும். கேட்டால், "நான் குடும்பங்களை ஆராய்ச்சி செய்கிறேன்! எந்த வீடு நிலைக்கும், எந்த வீடு உடையும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவேன்!" என்று கழுத்தை நிமிர்த்தும்.

அதன் மனைவி பூஞ்சிறகி முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடி அவ்வப்போது கூப்பிடும்.

"ஏங்க, இங்க பாருங்களேன்! அந்த மேகம் அப்படியே கெண்டை மீன் மாதிரி இருக்கு!"

"உஷ்! ஆராய்ச்சி நடக்குது!"

"ஏங்க, முட்டைக்குள்ள என்னமோ அசையுது! வந்து கேளுங்களேன்!"

"அப்புறம், அப்புறம்! பக்கத்து வீட்டுல இப்ப சண்டை ஆரம்பிக்கப் போகுது!"

பக்கத்துக் கிளையில் ஒரு நீர்க்காகக் குடும்பம் இருந்தது. கணவன் பெயர் முழுக்கன், மனைவி பெயர் கறுப்பாயி.

அந்த ஏரிப் பறவைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கணவனும் மனைவியும் முறை வைத்து அடைகாக்கும். மீன் பிடிக்கப் போனது திரும்பி வரும்போது வெறும் அலகோடு வரக்கூடாது. ஒரு குச்சியைக் கொண்டுவந்து, தலையைத் தாழ்த்தி, "வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்து நீட்ட வேண்டும். அடைகாப்பது அதை வாங்கிக் கூட்டில் செருகிவிட்டு, "போயிட்டு வரேன்!" என்று சொல்லி எழுந்து போகும்.

முழுக்கன் குச்சியோடு வந்தாலே கறுப்பாயி பிடித்துக்கொள்ளும்.

"யோவ், இது குச்சியா? காது குடையக்கூட ஆகாது!"

"நேத்துப் பெருசாத்தானே கொண்டாந்தேன்? கூட்டுக்குள்ள நான் இருக்கவா, குச்சி இருக்கவான்னு கேட்டியே!"

"எது சொன்னாலும் ஒரு பதில் வெச்சிருப்பே! குடு இப்படி!"

திட்டிக்கொண்டேதான் வாங்கும். ஆனால் வாங்கிய குச்சியை நல்ல இடமாகப் பார்த்துச் செருகும். ஒற்றைக்காலன் திட்டியதை மட்டும் கேட்டது. செருகியதைப் பார்க்கவில்லை.

மரம் மரமாகப் போய்ப் பார்த்தது. எங்கே சண்டை நடந்தாலும் நடுவில் ஒரு குச்சி கிடந்தது! ஒற்றைக்காலனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. உடனே எல்லாப் பறவைகளையும் கரைக்கு அழைத்துக் கூட்டம் போட்டது.

"சண்டைக்கு மூலகாரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்! குச்சி! குச்சியை ஒழியுங்கள்! கூடுதான் கட்டியாகிவிட்டதே, இன்னும் எதற்குக் குச்சி? பேசாமல் வாருங்கள், பேசாமல் உட்காருங்கள், பேசாமல் போங்கள்! என் வீட்டைப் பாருங்கள், ஒரு சத்தம் உண்டா?"

உண்மைதான். பூஞ்சிறகி இப்போதெல்லாம் கூப்பிடுவதே இல்லை. மேகம் மீனாக வந்தாலும் ஆமையாக வந்தாலும் தனியாகவே பார்த்துக்கொண்டது. பாவம், எத்தனை நாளைக்குத்தான் மரத்தோடு பேசும்! ஒற்றைக்காலன் அதைக் குடும்ப நிம்மதி என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தது.

'இவ்வளவு நேரம் ஒற்றைக்காலில் நின்று பார்த்த கொக்கு சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று பறவைகள் தலையாட்டின. ஏரி அடங்கிப் போனது. கறுப்பாயிகூட வாயை மூடிக்கொண்டது. பேசாமல் இருந்ததில் அதற்குத் தின்ற மீன் செரிக்கவில்லை.

ஒற்றைக்காலனின் புகழ் பரவியது. அடுத்த ஏரியிலிருந்து நாரைகள் சொற்பொழிவு கேட்க வந்தன. கரையில் நின்று அது அமைதியின் பெருமையை அளந்துகொண்டிருந்தது. அடைகாக்கும் முறை வந்தது நினைவிலேயே இல்லை.

கூட்டில் பூஞ்சிறகி பசியோடு காத்திருந்தது. அப்போது பின்னால் ஒரு வெள்ளைச் சிறகு வந்து இறங்கியது. வந்தது வேறொரு கொக்கு. குச்சியும் இல்லை, குரலும் இல்லை, யாரென்று எப்படித் தெரியும்? கணவன்தான் வந்துவிட்டது என்று நினைத்து, பூஞ்சிறகி திரும்பிக்கூடப் பார்க்காமல் மீன் தேடிப் பறந்துவிட்டது.

வந்த கொக்கு கூட்டை உற்றுப் பார்த்தது. 'அடடா, வீடு மாறி வந்துட்டோமே!' என்று அதுவும் பறந்துபோனது.

முட்டைகள் திறந்து கிடந்தன. எங்கிருந்தோ ஒரு காகம் வந்து உட்கார்ந்தது.

"ஆகா! காவலும் இல்லை, கத்தலும் இல்லை! இந்த ஆராய்ச்சி நீடூழி வாழ்க!" என்று அலகைத் தீட்டிக்கொண்டது.

பக்கத்துக் கிளையிலிருந்து கறுப்பாயி பார்த்தது. பேசக்கூடாது என்பது சட்டம். ஒரு தரம் விழுங்கிப் பார்த்தது, முடியவில்லை.

"யோவ் முழுக்கா! காக்காய்யா! முட்டையில வாய் வைக்கப் போவுதுய்யா! எங்கய்யா போய்த் தொலைஞ்ச!"

தண்ணீருக்குள் இருந்த முழுக்கன் ஈரச் சிறகோடு கிளம்பி வந்தது. "இந்தா வந்துட்டேன்! எங்க அவன்?" என்று காகத்தின் மேல் பாய்ந்தது. இத்தனை நாள் குரலை அடக்கி வைத்திருந்த பறவைகள் எல்லாம் சேர்ந்து கத்தின. காகம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தது.

கூச்சல் கேட்டு ஒற்றைக்காலன் திரும்பியது. சத்தம் வந்தது தன்னுடைய கூட்டுப் பக்கமிருந்து! பேச்சைப் பாதியில் போட்டுவிட்டுப் பறந்து போய் முட்டைகளின் மேல் விழுந்தடித்து உட்கார்ந்தது. அப்போது அடியில் ஒரு முட்டைக்குள் ஏதோ மெல்ல அசைந்தது.

"பூஞ்சிறகி! இங்க வா! உள்ள அசையுது!" என்று கத்தியது.

திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

வெகுநேரம் கழித்துப் பூஞ்சிறகி வந்தது. விஷயத்தைக் கேட்டுப் பதறிப்போனது.

"நீங்க வந்துட்டீங்கன்னு நெனச்சுத்தான் போனேன்!"

"ஒரு குரல் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாமே!"

"கூப்பிட்டேனேங்க. எவ்வளவோ கூப்பிட்டேன். அப்புறம் விட்டுட்டேன்."

ஒற்றைக்காலன் எழுந்து பூஞ்சிறகியை உட்கார வைத்துவிட்டு, எங்கோ பறந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு குச்சியோடு வந்தது. மெலிந்து வளைந்து, பாதி ஒடிந்த குச்சி. தலையைத் தாழ்த்தி, "வந்துட்டேன்!" என்று நீட்டியது.

பூஞ்சிறகி குச்சியைப் பார்த்தது. கணவனைப் பார்த்தது.

"இது குச்சியா? காது குடையக்கூட ஆகாது!"

"அப்படிக் கேளு தாயி!" என்றது பக்கத்துக் கிளையிலிருந்து கறுப்பாயி.

திட்டு வாங்கிய ஒற்றைக்காலனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பூஞ்சிறகி அந்தக் குச்சியை முட்டைகளுக்குப் பக்கத்திலேயே பத்திரமாகச் செருகியது. பிறகு வானத்தைப் பார்த்து, "ஏங்க..." என்று தயங்கியது.

அது சொல்லி முடிப்பதற்குள், "எங்கே, எந்த மேகம்?" என்று ஒற்றைக்காலன் கழுத்தை வளைத்தது!

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இருக்கிற வீடு, எத்தனை சண்டை வந்தாலும் உடையாது.