மிகவும் பலமான புயல்

தணிகாசலம் தூத்துக்குடியில் ஒரு மாலைப் பத்திரிகைக்குத் தலைப்பு எழுதியே தலை நரைத்தவர். தெருக்குழாயடியில் இரண்டு பேர் குடத்தால் இடித்துக்கொண்டால் அவர் கையில் அது ‘பயங்கர மோதல்’. ஆடு முட்டினால் ‘வெறியாட்டம்’. சாதாரணத் தூறலுக்கு அவர் வைத்த பெயர் ‘பேய்மழை’. சுவரொட்டியில் அந்த எழுத்துகளைப் பார்த்தவர்கள் பத்திரிகை வாங்காமல் பஸ் ஏறியதில்லை.

ஓய்வு பெற்று, மனைவியும் போனபிறகு, அவர் மகள் பூங்கோதையோடு இருக்க லாட்வியாவுக்கு வந்து சேர்ந்தார். பால்டிக் கடலோரத்தில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். மகளுக்கு அங்கே மீன் பதனிடும் ஆலையில் வேலை. மருமகன் ஆன்ட்ரிஸ் அந்த ஊர் மீனவன்.

கல்யாணம் பேசும்போது, “மாப்பிள்ளைக்கு என்ன சீர் செய்யட்டும்?” என்று தணிகாசலம் கேட்டிருந்தார். அவன் தங்கம் கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. ஒரு வலை கேட்டான். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் கண் கலங்கினார். அந்தத் துறையில் யாரிடமும் இல்லாத வலையாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார்.

லாட்வியா வந்ததிலிருந்து மருமகன் கரையேறியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “வலை பத்திரமா?”

ஆள் பத்திரமா என்று கேட்டதில்லை. ஆள்தான் எதிரே நிற்கிறானே.

துறைமுகத்தில் ஒரு வானொலி அறை இருந்தது. புயல் எச்சரிக்கைகள் அங்கே ஆங்கிலத்தில் வரும். அவற்றை லாட்விய மொழியில் பெயர்த்துப் படகுகளுக்கு வாசிப்பது வெல்டாவின் வேலை. தணிகாசலத்துக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், பொழுது போகவில்லை. அவளிடம் போய், எனக்கும் உங்கள் மொழியையும் இந்த வேலையையும் சொல்லிக்கொடுங்கள் என்றார்.

வெல்டாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். அவள் வருவதற்கு முன்பே அடுப்பில் விறகு போட்டு அறையைச் சூடாக்கி வைப்பார். அவர் பேசிய லாட்விய மொழியை இங்கே தூத்துக்குடித் தமிழிலேயே சொல்லுகிறேன். அவருடைய லாட்விய மொழியும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

முதல் வாரம் அவள் சொல்லிக்கொடுத்தது, ரொட்டியை வெட்டு, வெங்காயத்தை வெட்டு, நூலை வெட்டு.

“டீச்சர், இந்த அடுப்படிச் சொல்லெல்லாம் எனக்கு எதுக்கு? பெரிய சொல்லாக் குடுங்க.”

“எவ்வளவு பெரியது?”

“கேட்டவன் நடுங்கணும்.”

“ஏன் நடுங்கணும்?”

தணிகாசலம் யோசித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

“நடுங்கினாத்தானே வாங்குவான்” என்றார்.

“இங்கே நாம் எதையும் விற்கவில்லை” என்றாள் வெல்டா.

அவள் எந்நேரமும் பின்னிக்கொண்டே இருப்பாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மணப்பெண் தன் கையால் கையுறை பின்னி மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவருக்கும் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கோலம், ஒரு நிறம். பின்னி முடித்தவை ஜன்னலோரக் கூடையில் அடுக்கியிருக்கும். ஒருநாள் தணிகாசலம் அகராதியை வைப்பதற்காக அந்தக் கூடையை நகர்த்தப் போனார்.

“தொடாதீர்கள்” என்றாள். அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டது அன்று ஒருமுறைதான்.

“உங்க ஊர்ச் சீராக்கும்” என்று சொல்லி அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பெரிய சொல்லை டீச்சர் கொடுக்காவிட்டால் என்ன, ஊரில் கிடைக்காதா? ஐஸ் ஆலையில் கேட்டார், மதுக்கடையில் கேட்டார், பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர்களை மடக்கிக் கேட்டார். வெறிக்கு, கொடுமைக்கு, நொறுக்குவதற்கு, கிழிப்பதற்கு, சின்னாபின்னமாக்குவதற்கு என்று லாட்விய மொழியில் இருந்த சூடான சொற்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். சொல்லச் சொல்ல அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

ஒருநாள் எங்கோ வடக்கே தூரக் கடலுக்கான எச்சரிக்கை ஒன்று வந்தது. ‘வயலண்ட் ஸ்டார்ம்’ என்றிருந்தது. வெல்டா அதை ‘மிகவும் பலமான புயல்’ என்று எழுதினாள்.

தணிகாசலம் நாற்காலியைவிட்டுத் துள்ளி எழுந்தார்.

“டீச்சர், இது அநியாயம்! வயலண்ட்னு போட்டிருக்கான். வெறி! மூர்க்கம்! நீங்க என்னடான்னா டீக்குச் சீனி கொஞ்சம் தூக்கல்ங்கிற மாதிரி எழுதுதீங்க.”

“கடலுக்கு யார்மேலும் கோபம் இல்லை.”

“கோபம் இல்லாட்டிப் போகட்டும். சொல்லுக்குன்னு ஒரு எடை வேண்டாமா?”

“எடை சொல்லில் இருக்கிறதா?”

“பின்ன வேற எங்க இருக்கு?”

வெல்டா சிவப்பு நூலை எடுத்து அடுத்த வரிசையைத் தொடங்கினாள்.

சின்னச் சின்ன அறிவிப்புகளை வாசிக்க அவருக்கு அனுமதி கிடைத்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. ‘பலத்த காற்று’ என்று இருந்ததை ‘கடல் வெறிகொண்டு பாய்ந்து வருகிறது’ என்று வாசித்தார். எல்லாப் படகுகளும் மீன்பிடிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பி வந்தன. வந்து பார்த்தால், துணி காயப்போடத் தோதான காற்று.

மறுநாளும் காற்று வந்தது. ‘பேய் அவிழ்த்துவிடப்பட்டது’ என்று வாசித்தார். வானொலியில் யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ விசிலடித்தார்கள்.

“நேற்று எத்தனை படகு திரும்பியது?” என்று வெல்டா கேட்டாள்.

“அத்தனையும் வந்துச்சுல்லா!”

“இன்றைக்கு?”

அவர் ஜன்னல் வழியாகத் துறையைப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. அதன்பிறகு அவர் வாசிக்கும் நேரத்துக்குப் படகுக்காரர்கள் ‘நாடக நேரம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது.

வெல்டாவுக்குத் தொண்டை கட்டி, குரல் சுத்தமாகப் போயிருந்தது. மதியம் அவசர எச்சரிக்கை வந்தது. நாளை வருவதாக இருந்த புயல் திசை மாறி, மாலைக்குள் இங்கேயே வருகிறது. ‘வயலண்ட் ஸ்டார்ம்’. இம்முறை தூரக் கடல் இல்லை, அவர்களுடைய கடல்.

வெல்டா ‘மிகவும் பலமான புயல், மாலைக்குள், எல்லோரும் திரும்புங்கள்’ என்று எழுதி அவரிடம் நீட்டினாள். தணிகாசலம் அதை வாங்கினார். பயமா, சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. இப்படி ஒரு நாளுக்காகத்தானே இத்தனை சொற்களைச் சேர்த்தது! தாளைக் கீழே வைத்துவிட்டு, தன் சரக்கை அவிழ்த்தார். வெறிபிடித்த புயல், கொலைகாரப் புயல், கண்டதையெல்லாம் கிழித்தெறியும் புயல்.

வானம் கறுத்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பல படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின. ஆன்ட்ரிஸின் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

“வலை நிறைய மீன், மாமா. இழுத்து முடிச்சிட்டு வந்துடறேன்.”

‘மாமா’ என்பது மட்டும் தமிழ். மற்றதெல்லாம் அவன் மொழி.

“இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு மணி நேரம்.”

“அதுக்குள்ள வந்திரும்லே! நொறுக்கிரும்! சின்னாபின்னமாக்கிரும்!”

“போன வாரமும் இதே பேய்தானே வந்துச்சு?” அவன் சிரித்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு பூங்கோதை உள்ளே வந்தாள். தலையெல்லாம் நனைந்திருந்தது.

“நிறையப் படகு திரும்பிருச்சுப்பா. அவரோடதைக் காணோம்.”

தணிகாசலம் மறுபடி வானொலிப் பொத்தானை அழுத்தினார். கைவசம் இருந்த அத்தனை சொற்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். மகள் பக்கத்தில் நின்று அவர் தோளை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மாமா,” என்றான் ஆன்ட்ரிஸ். இப்போது சிரிப்பு இல்லை. “இது நீங்க குடுத்த வலை. இதை விட்டுட்டு வந்து உங்க முகத்துல எப்படி முழிப்பேன்? இழுத்துட்டு வந்துடறேன்.”

தணிகாசலம் வெல்டாவின் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், இதைவிடப் பெரிய சொல் ஒண்ணு குடுங்க. கடைசியா ஒண்ணு. இருக்கும்லா? சீக்கிரம்!”

வெல்டா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அப்போது காற்று அறைந்து ஜன்னல் கண்ணாடி உடைந்தது.

மழை சாய்வாக உள்ளே அடித்து நேரே வானொலிப் பெட்டிமேல் விழுந்தது. வெல்டா கூடையை இழுத்தாள். சிவப்புக் கையுறையை எடுத்து உடைந்த இடத்தில் திணித்தாள். பச்சையைத் திணித்தாள். மாமனாருக்கு, நாத்தனாருக்கு, கொழுந்தனுக்கு என்று கோலம் கோலமாகப் பின்னியதையெல்லாம் பார்க்காமலே அள்ளி அள்ளித் திணித்தாள். கடைசியாக, மாமியாருக்கென்று பின்னிய வெள்ளை ஜோடி. அதையும் உள்ளங்கையால் அழுத்தி ஓட்டையை அடைத்தாள். வெள்ளையில் அவள் கை ரத்தம் பட்டது. உள்ளே அடித்த மழை நின்றது. அவள் பாவாடை நுனியால் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

தணிகாசலம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

“ஆன்ட்ரிஸ்.”

“சொல்லுங்க, மாமா.”

“வலையை வெட்டு.”

கொரகொரவென்ற இரைச்சல்தான் கேட்டது.

“என்ன சொன்னீங்க?”

“வலையை வெட்டு. வெட்டிட்டு வா.”

முதல் வாரம் படித்த சொல். ரொட்டியை வெட்டச் சொல்வதுபோல்தான் சொன்னார். குரல் உயரவில்லை.

பிறகு வேறொரு படகிலிருந்து ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. “யாரு, தணிகாசலமா சொல்றார்? வலையை வெட்டச் சொல்லியா?”

“ஆமா” என்றது இன்னொரு குரல்.

“அப்போ நம்மளும் வெட்டுவோம்டா.”

ஆன்ட்ரிஸின் குரல் கடைசியாக வந்தது. “சரி, மாமா.”

அதன்பிறகு அந்த அறையில் யாரும் உட்காரவில்லை. காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. சுவரே அதிர்ந்தது. பூங்கோதை கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். பொழுது சாயும் நேரத்தில் அவள் “அப்பா!” என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். துறை வாயிலில், மற்றப் படகுகளுக்குப் பின்னால் கடைசியாக, ஆன்ட்ரிஸின் படகு ஏறி இறங்கி ஏறி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அது நுழைந்து கட்டிமுடித்த சற்று நேரத்துக்கெல்லாம் அலை துறைச் சுவரைத் தாண்டி விழத் தொடங்கியது.

ஆன்ட்ரிஸ் சொட்டச் சொட்ட வந்து அவர்முன் தலையைக் குனிந்து நின்றான். வெறும் கைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருந்தான். வழக்கமான கேள்விக்காகக் காத்திருப்பது தெரிந்தது.

தணிகாசலம் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார், காதைத் தொட்டார், தோளைத் தொட்டார். அப்புறம் அப்படியே கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

மறுநாள் காலையில் வானம் வெளுத்திருந்தது. தணிகாசலமும் வெல்டாவும் ஜன்னலிலிருந்து கையுறைகளை ஒவ்வொன்றாக உருவி, கண்ணாடித் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாதிக்குமேல் கிழிந்துபோயிருந்தன. அவளுக்குக் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது.

ஆங்கில அறிவிப்பு வந்தது. மிதமான காற்று. தணிகாசலம் ‘மிதமான காற்று’ என்று எழுதி, மிதமான காற்று என்று வாசித்தார். யாரும் விசிலடிக்கவில்லை.

பிறகு, மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டார்.

“டீச்சர், சொல்லோட எடை எங்க இருக்குன்னு அன்னிக்குக் கேட்டேன். நீங்க பதில் சொல்லல. நேத்து அந்தக் கூடையைக் காலி பண்ணினீங்களே, அது எனக்குக் காட்டத்தானே?”

வெல்டா மாமியாரின் வெள்ளைக் கையுறையை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டாள். கறை போயிருக்கவில்லை. அவர் என்ன கேட்கிறார் என்று ஒரு கணம் புரியாதவளாக அவரைப் பார்த்தாள்.

“மழை உள்ளே வந்தது” என்றாள்.