ஈரக் கதவு

"தாயே, என் கதவு தேறவே மாட்டேங்குதே!"

வந்ததும் வராததுமாக மாசிலாமணி புலம்பினார். மலையடிவாரக் குடிலில் துறவி அங்கம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆனாலும் அவருக்குக் குரு அவள்தான்.

"எந்தக் கதவு?"

"எம் பொண்ணு முகத்துல அறைஞ்சு சாத்தினேனே, அதுதான்."

மகள் பொற்கொடி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று நடந்தது அது. இப்போது மனுஷன் உருகிப்போய்க் கிடக்கிறார். அவளைக் கூப்பிடுவதற்குள் அந்தப் பாழாய்ப்போன கதவைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

"பழைய பெயின்டையெல்லாம் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வார்னிஷ் அடிச்சேன். கொசு ஒட்டிக்கிச்சு. மறுபடி சுரண்டினேன். அடுத்த தடவை தூசி. திரும்பவும் சுரண்டினேன். இன்னிக்குக் காலையில அடிச்சது கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா ஓரத்துல வார்னிஷ் ஒழுகி ஒரு வழிசல், தாயே!"

"பொண்ணைக் கூப்பிட்டாச்சா?"

"அதெப்படி? முதல்ல கதவு முடியட்டும்."

"வாங்க, பார்ப்போம்."

கீரையை அப்படியே போட்டுவிட்டு அவள் எழுந்தாள்.

தெருமுனை திரும்பியதும் மாசிலாமணி சட்டென்று நின்றுவிட்டார். அவர் வீட்டு வாசலில் பொற்கொடி! இடுப்பில், அவர் இதுவரை கண்ணால் பார்த்திராத பேரன். மனசு கேட்காமல் அவளாகவே வந்துவிட்டாள். கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள்.

"நில்லு! தொடாதே!"

அலறிவிட்டார்.

தூக்கிய கை அப்படியே நின்றது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"சரிப்பா" என்று சொல்லிப் படியிறங்கினாள்.

"ஐயோ, அதில்லம்மா... ஈரம்... வார்னிஷ்..." வாய் குழறியது. அதற்குள் அவள் நாலு வீடு தாண்டிவிட்டாள்.

அங்கம்மை விறுவிறுவென்று படியேறினாள். பளபளத்த கதவின் நட்டநடுவில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

"தாயே! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

அவள் பிசுபிசுத்த கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

மாசிலாமணி அந்தக் கையைப் பார்த்தார். தெருவில் போகிற மகளைப் பார்த்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடினார். பேரனை அவள் இடுப்பிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அழுதுகொண்டே திரும்பி வந்து, தாழ்ப்பாள் போடாமல் சாத்தியிருந்த கதவை முதுகாலேயே தள்ளித் திறந்தார். சட்டை கதவோடு ஒட்டி இழுத்தது.

"அப்பா, வார்னிஷ்ப்பா!"

"கெடக்குது கழுதை. நீ உள்ளே வாம்மா."