பொழி வெட்டியவன்

"பொழியை வெட்டினவன் எவனோ, அவன் உருப்படவே மாட்டான்!"

தோணித்துறைக்கு வந்ததும் வேதமாணிக்கம் சொன்ன முதல் வார்த்தை அது.

சூசையம்மா துடுப்பில் ஒட்டிய பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தோணிக்காரி. அவனுக்கு அறுபது வயது, அவளுக்கு முப்பத்தைந்து. ஆற்றைப் படிக்க நினைப்பவர்கள் அவளிடம்தான் வருவார்கள். அவனும் நாலு வருஷமாக வருகிறான். அவள் சொல்வதில் பாதியை எடுத்துக்கொள்வான். மீதிக்குப் பேரம் பேசுவான்.

"என்ன ஆச்சு, அண்ணாச்சி?"

"கடல் ஏறுற நேரத்துல வெட்டிட்டான் படுபாவி! ரெண்டு கரையிலும் கிணறு பூரா உப்பு. பேத்தி ஒரு வாய் குடிச்சிட்டுத் துப்புறாம்மா."

கோடையில் கடல் அந்த ஆற்றின் வாயை மணலால் அடைத்துவிடும். அந்த மணல்மேடுதான் பொழி. மழைத்தண்ணீர் உள்ளே தேங்கி வயலை முக்குவதற்குள் வெட்டிவிட வேண்டும். அதுவும் கடல் இறங்கும்போது மட்டும். வெட்டுகிறவன் முதலில் அக்கரையைப் பார்த்து மூன்று தடவை கூவ வேண்டும். பதில் வந்த பிறகுதான் மண்வெட்டி மணலில் இறங்கலாம்.

"கூவினானா?"

"கூவினா யாருக்குக் கேக்கும்? ஊரே கோயில் கொடியேத்துக்குப் போயிருந்துச்சே."

"நீங்க போகலியா?"

"எனக்கு எங்க கொடியேத்து? என் நெல்லு கழுத்தளவு தண்ணியில நிக்கும்போது?"

அவள் துடுப்பை எடுத்தாள்.

"ஏறுங்க."

தோணி பொழிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வெட்டு வழியாகக் கடல் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது.

"ஒரு முழம்தான் வெட்டியிருப்பான்," என்றாள். "மிச்சத்தைக் கடலே வெட்டிக்கிச்சு. கையை நீட்டுங்க."

நீட்டினான். அவள் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி அவன் உள்ளங்கையில் ஊற்றினாள்.

"ஸ்ஸ்!"

விரலடியில் நாலு கொப்புளங்கள். நாலும் உடைந்திருந்தன.

"வயல்ல மம்பட்டி புடிச்சேன்," என்றான்.

"கழுத்தளவு தண்ணியிலயா?"

அவன் கடலைப் பார்த்தான். ஆற்றைப் பார்த்தான்.

"சரிம்மா, யாரு வெட்டினா என்ன? அடைக்க வழி சொல்லு. பாதி ஆளு நான் தாறேன்."

"மீதிப் பாதி?"

"அக்கரைக்காரன் தரட்டும். அவன் கிணறும்தானே உப்பு?"

அவள் சிரிக்கவில்லை.

"கூவுங்க அண்ணாச்சி. அன்னைக்குக் கூவாம விட்டதை இப்போ கூவுங்க. வெட்டினவனைக் கூப்பிடுங்க."

அக்கரையைப் பார்த்துக் கூவினான்: "பொழி வெட்டினவனே, வாடா இங்க!"

அங்கே ஒரே ஒரு ஊற்றில் இன்னும் நல்ல தண்ணீர் கிடைத்தது. குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் தலை தூக்கினார்கள். பார்த்துவிட்டுக் குடத்தை முன்னால் நகர்த்தினார்கள்.

இரண்டாவது தடவை கூவினான்.

"யாரும் வரலியே அம்மா."

"அவனுக்கு இன்னும் கேக்கல."

அவன் தோணியின் அடியில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெட்டில் இறங்கினான். தண்ணீர் முழங்காலை அறுத்தது. மண்வெட்டிப் பிடி கொப்புளத்தில் எரிந்தது.

மூன்றாவது தடவை அவன் கூவவில்லை. குனிந்து, தன் கைகளைப் பார்த்துச் சொன்னான்:

"லேய்... பிள்ளையளுக்கு நாக்கு வறண்டு போச்சு. இனியாவது வந்து அடைச்சுக் குடுலே."