தாண்டவன் பார்த்த முகம்

தேரடியில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பலன் சொல்லி வந்த தாண்டவன், தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்து அங்கிருந்த சாமிக்குச் சீடரானார். பழைய பழக்கம் விட்டதா என்றால், அதுதான் இல்லை. யார் வந்தாலும் முதலில் நெற்றியைத்தான் பார்ப்பார்.

அன்று குருபூஜை. மதியம் ஊரே சாப்பிட வரும். மடத்துச் சமையல்காரரோ காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, பூவலிங்கம் என்றொருவர் சமையல் வேலை கேட்டு வாசலில் வந்து நின்றார். தாண்டவன் ஏற இறங்கப் பார்த்தார். "வேலையெல்லாம் இல்லை, போய்யா" என்று அனுப்பிவிட்டார்.

முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சாமி நிமிர்ந்தார்.

"யாரப்பா அது?"

"சமையல்காரனாம் சாமி. புருவத்துக்கு நடுவுல மூணு கோடு, இடுங்கின கண்ணு. சரியான சிடுமூஞ்சி. கரண்டியைக் குடுத்தா சாப்பிட வர்றவங்க மேலேயே வீசுவான்."

"அவ்வளவும் முகத்துல தெரிஞ்சுதா?"

"என் கணக்கு தப்பாது சாமி."

"சரி. அப்போ இன்னிக்கு நீயே சமை."

சாமி எழுந்து வெளியே போய்விட்டார்.

முந்தின நாள் மழை. விறகெல்லாம் ஈரம். தாண்டவன் ஊதுகுழலை வைத்து ஊதோ ஊதென்று ஊதினார். புகை முகத்தில் அப்பியது. கண்ணை இடுக்கிக்கொண்டு, புருவத்தை நெரித்துக்கொண்டு ஊதினார். பாவம், உலை கொதித்தபாடில்லை.

காய் நறுக்கிக் கொடுக்க வந்த ஒரு அம்மாள் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆத்தாடி! ஏன் இந்த முறை முறைக்கிறீங்க? நான் அப்புறமா வர்றேன்."

"ஐயோ, நான் முறைக்கலைம்மா! புகைம்மா, புகை!"

சொன்னவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பூவலிங்கத்தின் மூன்று கோடும் கண்முன் வந்து நின்றன. அந்த மனுஷன் எத்தனை அடுப்பு ஊதினாரோ! தாண்டவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குழலைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்.

வேப்பமரத்தடியில் பூவலிங்கம் பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் இருந்தது சாமியின் கிண்ணம்.

"தப்பு என் மேலதான் ஐயா. உள்ளே வாங்க."

பூவலிங்கம் வந்தார். ஈர விறகை உருவிப் போட்டுவிட்டு, காய்ந்த தென்னை மட்டையைத் தேடிச் செருகினார். அடுப்பு பற்றிக்கொண்டது. மதியம் ஊரே வயிறாரச் சாப்பிட்டது. "இதெல்லாம் ஒரு சாப்பாடா? இன்னும் போட்டுக்கங்க" என்று அதட்டி அதட்டிப் பரிமாறியவரும் அவர்தான்.

பந்தி முடிந்தது. முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டே தாண்டவன் சாமியிடம் வந்தார்.

"அப்போ முகத்துல ஒண்ணுமே தெரியாதா சாமி?"

"ஏன் தெரியாது?"

"காலையில அவர் முகத்தை நீங்களும்தானே பார்த்தீங்க. உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

"பசி" என்றார் சாமி.