கரடி கொடுத்த ராஜ பட்டம்

ஒரு காட்டில், பிள்ளைகளே, தேனொழுகப் பேசும் கரடி ஒன்று அரசாண்டது. கோடை முற்றி ஓடைகள் வறண்டன. கரடியின் குகைக்குள் இருந்த சுனையில் மட்டும் தண்ணீர் இருந்தது. வாசலில் செந்நாய் காவல் நின்றது.

கரடி கூட்டம் கூட்டியது. "நானா ராஜா? நீங்கள்தான் இந்தக் காட்டுக்கு ராஜா. நான் உங்கள் வேலைக்காரன்," என்றது. மானும் முயலும் குரங்கும் உச்சி குளிர்ந்து ஆரவாரம் செய்தன. நா வறண்டிருந்ததுகூட அவற்றுக்கு மறந்துபோனது.

ஓரத்தில் ஒரு முள்ளம்பன்றி நின்றது. முள் குத்தும் என்று யாரும் அதன் பக்கத்தில் நிற்பதில்லை. உறவென்று அதற்கு இருந்தது ஒரே ஒரு குட்டி. அதுவும் தாகத்தால் வளையில் சுருண்டு கிடந்தது. கரடி சொன்னதை அந்தத் தாய் வேதவாக்காக நம்பியது, பாவம்.

நேரே குகைக்குப் போய், "ராஜா வந்திருக்கிறேன். என் குட்டிக்குத் தண்ணீர் வேண்டும்," என்றது.

செந்நாய் சிரித்தது. கரடியே வெளியே வந்தது. அதன் வாயோரம் ஈரம் சொட்டியது.

"அம்மா, நீ ஒருத்தி ராஜா இல்லை. எல்லோரும் சேர்ந்தால்தான் ராஜா," என்று கனிவாகச் சொல்லி அனுப்பியது.

சரி, எல்லோரையும் சேர்ப்போம் என்று முள்ளம்பன்றி புறப்பட்டது. ராஜா போய் வேலைக்காரனிடம் கையேந்துவதா என்று கேட்டது மான். ஊரோடு ஒத்து வாழ் என்று புத்தி சொன்னது முயல். குரங்கு தனக்குக் கிரீடம் செய்ய இலை பறித்துக்கொண்டிருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முள்ளம்பன்றிக்கு அழுகை வந்தது. என்ன என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

மறுநாளும் கூட்டம். "நீங்கள்தான் ராஜா," என்றது கரடி. காடே ஆர்ப்பரித்தது. முள்ளம்பன்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கரடி அதைக் கவனித்துவிட்டது.

"ராஜாக்களே, உங்கள் ஓடை ஏன் வற்றியது தெரியுமா? இதோ, நம்மோடு சேராமல் நிற்கிறதே, இதைப் போன்றவர்களால்தான்."

விலங்குகள் எல்லாம் முள்ளம்பன்றியை விட்டு விலகின. முன்பு முள்ளுக்குப் பயந்து விலகியவைதான். இன்று யாரும் முள்ளைப் பார்க்கவே இல்லை.

அன்றே அது குட்டியை அழைத்துக்கொண்டு காட்டைவிட்டுப் போனது. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அது போன பிறகும் ஓடையில் தண்ணீர் வரவில்லை. குகை வாசலில் செந்நாய் நின்றுகொண்டுதான் இருந்தது.

நீதி: உன்னை ராஜா என்று புகழ்பவன் உன் தாகத்துக்கு என்ன தந்தான் என்று பார்.