தாசில்தார் விழுந்த கிணறு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, இது சத்தமாச் சொல்ற கதை இல்ல. புதுசா வந்த தாசில்தார் தாலுகா எல்லையைத் திருத்தினார். கரட்டுப்பட்டிக்கு இருந்த ஒரே கிணறு, கைப்பிடிச் சுவர்கூட இல்லாத கிணறு, அடுத்த தாலுகாவுக்குப் போயிடுச்சு.

“இனி உங்க ஊர்க் கயிறு இதுக்குள்ள இறங்கினா ஜெயில்தான்!” என்று விரலை ஆட்டிக்கிட்டே பின்னால நகர்ந்தவர், தொபுக்கடீர்னு உள்ளே விழுந்தார். இடுப்பளவு தண்ணி.

“கயிறு போடுங்கடா!”

ஆடு மேய்க்கிற பூவாயி எட்டிப் பார்த்தாள். “நீங்க இருக்கிறது அடுத்த தாலுகா சாமி. பன்னெண்டு மைல் நடந்து, அங்க இருக்கிற தாசில்தார்கிட்ட உத்தரவு வாங்கிட்டு வந்துடறேன்.”

“ஐயோ, கிணறு உங்களுதுதான் தாயி!”

“வாயால சொன்னா கவர்மெண்டு ஒத்துக்குமா சாமி?” என்றவள், தாசில்தார்கூட வந்த சேவகன் கையிலிருந்த காகிதத்தையும் பென்சிலையும் வாளியில வச்சு, அவர் கைக்கு எட்டுற அளவுக்கு மட்டும் இறக்கினாள்.